பந்துக்குப் பின்னால் போனாள்: மின்னியின் ட்ரைபால் பயிற்சி, பதினோராவது வாரம்

நேற்று மாலை என் நாய் மின்னி பந்தைச் சுற்றி அந்தப் பக்கம் போய், என்னைப் பார்த்தபடி படுத்தாள். நான் கை காட்டவில்லை, தீனியைக் காட்டி இழுக்கவில்லை, தரையில் பாயும் இல்லை. பதினோரு வாரமாக இந்த ஒரு சுற்றுக்குத்தான் காத்திருந்தேன். ஆறு முறை அனுப்பினேன், ஐந்து முறை சரியாகப் போனாள். சூடு ஆறுவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

மின்னிக்கு நான்கு வயது, பார்டர் காலி என்ற மேய்ப்பு நாய் இனம். ட்ரைபால் ஜெர்மனியில் தொடங்கிய விளையாட்டு. ஆட்டு மந்தைக்குப் பதிலாக எட்டுப் பெரிய காற்றுப் பந்துகளை முக்கோணமாக வைத்து, நாய் அவற்றை மூக்கால் தள்ளிக் கோலுக்குக் கொண்டுவர வேண்டும். கிளிக்கர் (நாய் சரியாகச் செய்த நொடியில் 'கிளிக்' என்று ஒலித்து, தீனி உண்டு என்று அதற்குச் சொல்லும் சின்னக் கருவி), மூக்கால் தொடும் பழக்கம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

இதில் இறங்கக் காரணம், மின்னிக்கு வந்த ஒளியையும் நிழலையும் துரத்தும் பழக்கம். போன வருடம் லேசர் விளக்கை வைத்து அவளுக்கு விளையாட்டுக் காட்டியது நான் செய்த பெரிய தவறு. ஒளிப்பொட்டு எப்போதும் வாயில் அகப்படாது, அதனால் அந்தத் துரத்தலுக்கு முடிவும் கிடையாது. பிறகு கைக்கடிகாரக் கண்ணாடி பட்டுச் சுவரில் விழும் வெளிச்சத்துக்கெல்லாம் மணிக்கணக்கில் காவல் நின்றாள். மேய்ப்பு நாய் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து லேசரைத் தொடவே வேண்டாம். திரைச்சீலையை இழுத்து மூடினால் மட்டும் போதவில்லை, மூளைக்கு வேறு வேலை தேவைப்பட்டது.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். பந்துக்குப் பின்னால் போக வைப்பதுதான் சிக்கல். எனக்கும் பந்துக்கும் நடுவில் நின்று, தலையைத் தாழ்த்தி, முன்கால் ஒன்றைத் தூக்கியபடி உறைந்துவிடுவாள். தள்ளினாலும் என்னைவிட்டு அப்பால்தான் தள்ளுவாள். எனக்கு இது புரியவே இல்லை. ஏனென்றால் ஆட்டிடம் இந்த நாய்கள் யாரும் சொல்லித்தராமலே மறுபக்கம் போகும். மேய்ப்பவர் கடிகாரத்தின் ஆறில் நின்றால் நாய் பன்னிரண்டில் நிற்கும், மந்தை நடுவில் இருக்கும். வீட்டிலும் மின்னி அப்படித்தான். அம்மா ஒரு மூலையிலும் மகள் இன்னொரு மூலையிலும் நான் நடுவிலும் இருந்தால், மூவரையும் ஒரே பார்வையில் பிடிக்கிற இடம் பார்த்துப் படுப்பாள், பெரும்பாலும் கதவு நிலையில். யாராவது எழுந்தால் எழுவாள். மகள் ஓடினால் முன்னால் போய் மறிப்பாள்.

முதலில் பாயை வைத்து முயன்றேன். பந்துக்குப் பின்னால் சின்னப் பாயைப் போட்டு, 'பாய்' என்றால் அங்கே போய்ப் படுக்கப் பழக்கினேன். இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். ஆனால் பந்தை நகர்த்தி வைத்தாலும் பாய் கிடக்கிற இடத்துக்கே போனாள். பாயைப் பாதியாக, பிறகு கால்வாசியாக, கடைசியில் உள்ளங்கை அளவுக்கு வெட்டினேன். முழுவதும் எடுத்தபோது பந்தை விட்டுவிட்டுப் பாயைத் தேடினாள். அவளுக்கு 'பாய்' ஒரு பொருளின் பெயர், நானோ அதை ஓர் இடத்தின் பெயராக நினைத்துக்கொண்டிருந்தேன். பொருள்களுக்குப் பெயர் கற்பதில் இந்த இனத்தின் திறமை பெரியது. சேஸர் என்ற பார்டர் காலி 1022 பொம்மைகளின் பெயரைக் கற்றதாக 2011-இல் பில்லி, ரீட் என்ற இருவரின் ஆய்வு வெளிவந்தது. மின்னிக்கு 31 தெரியும். அந்தத் திறமைதான் இங்கே எனக்குக் குறுக்கே நின்றது. எட்டு வாரம் போயிற்று.

வழி மகள் ஓடும்போதுதான் தெரிந்தது. மின்னி மறிப்பது விலகிப் போவதை. அசையாத பந்து எங்கும் விலகவில்லையே, அதை ஏன் மறிக்க வேண்டும்? மறுநாள் மகளை என் பக்கத்தில் நிறுத்தி, பந்தை என்னிடமிருந்து மெதுவாக அப்பால் உருட்டச் சொன்னேன். மின்னி அம்பு மாதிரி வளைந்து போய்ப் பந்தின் மறுபக்கம் நின்றாள்! முன்பெல்லாம் படுத்த பிறகு கிளிக் கொடுப்பேன். இப்போது பந்தைத் தாண்டி என் பக்கம் திரும்புகிற அந்த நொடியில் கொடுத்தேன். முழு வித்தியாசமும் அதில்தான் என்று நினைக்கிறேன். படுப்பது தானாகவே வந்தது. உருட்டும் தூரத்தைத் தினமும் குறைத்தோம், கடைசியில் மகள் பந்தில் விரலை மட்டும் வைத்தாள். நேற்று அதுவும் இல்லை.

பந்து பற்றி ஒன்று. 65 செ.மீ. உடற்பயிற்சிப் பந்தைத்தான் பயன்படுத்துகிறேன். முழுக்கக் காற்றடித்தால் மூக்கு பட்டதும் துள்ளி ஓடுகிறது, அவள் குரைத்துக்கொண்டே துரத்தி, பல்லால் பிடிக்கப் பார்க்கிறாள். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்க வேண்டும், அந்த அளவு காற்று போதும். முதல் பந்து மெல்லியது, மூன்றாம் நாளே பல் இறங்கிவிட்டது. குத்தினால் வெடிக்காமல் மெதுவாகக் காற்று இறங்கும் வகை என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், சத்தத்தில் நாய் மிரளாது. ஆரம்பத்தில் துண்டை முறுக்கி வளையமாக்கி அதன் மேல் பந்தை வையுங்கள், ஓடாமல் நிற்கும்.

வாலைக் கவனிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வால் தாழ்ந்திருந்தால் வேலையில் இருக்கிறாள், மேலே தூக்கினால் ஆட்டம் தொடங்கிவிட்டது. தூக்கியதும் 'போதும்' சொல்லி நிறுத்திவிடுவேன். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. இந்த நாய்கள் தாமாக நிறுத்தாது, நாம்தான் நிறுத்த வேண்டும்.

அப்புறம் திசைச் சொற்கள். முதலில் 'இடம்', 'வலம்' என்று வைத்தேன். தூரத்திலிருந்து சொன்னால் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கின்றன. அதனால் மேய்ப்பர்களின் பழைய சொற்களுக்கே போய்விட்டேன், கடிகாரச் சுற்றுக்குக் 'கம் பை', எதிர்ச்சுற்றுக்கு 'அவே'.

இரண்டு பந்துகள் வாங்கி வைத்திருக்கிறேன், முக்கோணத்தின் நுனிப் பந்தை முதலில் எடுக்கச் சொல்லித்தர வேண்டும் என்று மனம் அதற்குள் பறக்கிறது. ஆனால் மின்னி இதுவரை 'கம் பை' பக்கம் மட்டும்தான் சுற்றுகிறாள். 'அவே' என்றாலும் இடப்பக்கமாகத்தான் கிளம்புகிறாள். நாளைக்குப் பந்தை இடப்பக்கச் சுவரை ஒட்டி வைத்து, வலப்பக்கம் மட்டும் வழி விட்டு, மறுபடியும் உருட்டலிலிருந்து தொடங்கப்போகிறேன்.