அவுட்பாக்ஸிலேயே நிற்கும் மெயில்

இன்பாக்ஸில் மெயில் வந்துகொண்டே இருக்கிறது. அனுப்பிய ஒன்று மட்டும் காலையிலிருந்து அவுட்பாக்ஸை விட்டு நகரவில்லை. இன்று ஒரு கணினியில் பார்த்தது.

பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றியிருந்தார்கள், பாவம். கோளாறு அங்கே இல்லை.

வாங்குவதற்கு ஒரு சர்வர், அனுப்புவதற்கு வேறொன்று. செட்டிங்கும் தனித்தனி. வாங்க ஐமேப் என்ற முறை, போர்ட் (சர்வரின் வாசல் எண்) 993. அனுப்ப எஸ்எம்டிபி என்ற முறை. அதில் 465 போட்டால் பக்கத்தில் எஸ்எஸ்எல், 587 போட்டால் ஸ்டார்ட்டிஎல்எஸ் இருக்க வேண்டும்; இரண்டும் இணைப்பைப் பாதுகாக்கும் முறைகள். இங்கே 465க்கு ஸ்டார்ட்டிஎல்எஸ். ஜோடி மாறினால் இணைப்பே நடக்காது.

மெயில் புரோகிராம் பழகுபவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இந்த இரண்டு வழிகளைத்தான். பட்டன்கள் தானாகப் பழகிவிடும்.

அடுத்தது, கணக்கு சேர்க்கும்போதே வாங்கும் முறை ஐமேப்பா, பாப் என்ற இன்னொன்றா என்று பார்ப்பது. ஐமேப்பில் மெயில் சர்வரிலேயே இருக்கும். போனிலும் கணினியிலும் ஒன்றே தெரியும். அதனால் இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும். பலர் இடம் காலி செய்கிறோம் என்று அழித்துவிட்டுத் தவிப்பது இதனால்தான். பாப் கணினிக்கு இறக்கிக்கொள்ளும். 'சர்வரில் பிரதி வை' என்ற டிக் இல்லாவிட்டால் சர்வரில் மிஞ்சாது. பிறகு ஹார்டு டிஸ்க் போனால் மெயிலும் போச்சு.

மெயிலோடு சேர்க்கும் கோப்பின் அளவு அனுப்பும்போது மூன்றில் ஒரு பங்கு கூடும். வரம்பு 25 எம்பி என்றால் 18க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.