சுங்குடி வியாபாரக் குறிப்புகள்

24 செப்டம்பர் 2025, புதன்

முடிச்சு அவிழ்க்கும் ரீல் நன்றாக ஓடுகிறது. துணியில் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்து எடுப்பதுதானே சுங்குடி. சாயம் காய்ந்த சேலையை இரண்டு பேர் பிடித்துக் குறுக்கே இழுத்ததும் நூல் முடிச்சுகள் படபடவென்று அவிழ்ந்து புள்ளிகள் தெரியும், யாருக்குத்தான் பிடிக்காது? கீழே வரிசையாக "பிரைஸ் ப்ளீஸ்". விலையைக் கேப்ஷனிலேயே எழுதியிருக்கிறேன். அதைப் படிக்க யாருக்கு நேரம்? வாங்கியவர் ஒருவரும் இல்லை.

27 செப்டம்பர், சனி

காலையில் வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஒரு அரக்குச் சேலை போட்டேன். குளித்துவிட்டு வருவதற்குள் திருச்சி டீச்சரக்கா, "இத எனக்கு எடுத்து வச்சிரு தம்பி" என்று அனுப்பியிருந்தார். விலைகூடக் கேட்கவில்லை.

ரீல் பார்ப்பவர் தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறவர். ஸ்டேட்டஸ் பார்ப்பவர் அப்படியில்லை. என் எண்ணை அவரும், அவர் எண்ணை நானும் சேமித்திருந்தால்தான் அது கண்ணிலேயே படும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட்டும் அப்படித்தான்: ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம், ஆனால் நம் எண்ணைச் சேமிக்காதவருக்குப் போய்ச் சேராது. அதனால் ஒவ்வொரு பார்சலிலும் "எங்கள் எண்ணை சேவ் செய்துகொள்ளுங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறேன். எனக்குத் தெரிந்த விளம்பரம் இவ்வளவுதான்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. தராசு, கத்தரிக்கோல், போன் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு.

பூஜை முடிந்த கையோடு ஒருவர் பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் போட்டார். கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. "இன்னும் வரலைங்களே" என்றதும் ஆளையே காணோம். யாரோ அனுப்பும் படத்தை நம்பிப் பார்சல் கட்டக்கூடாது. நம் கணக்கில் ஏறியதா என்றுதான் பார்க்க வேண்டும். இந்த மாதத்திலிருந்து தனிநபர்களுக்கிடையே யூபிஐ-யில் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை நிறுத்துகிறார்கள். நல்லது, அதை வைத்து ஏமாற்றும் தொல்லையாவது குறைந்தது.

6 அக்டோபர், திங்கள்

இன்று முழுக்கப் படம் எடுக்கும் வேலை. கத்தரிப்பூ நிறம் என்றாலே போனுக்கு ஆகாது, நீலமாகக் காட்டிவிடும். டியூப்லைட்டில் இன்னும் மோசம். மொட்டை மாடியில் நேர் வெயில் விழாத ஓரமாகக் காலை நேரத்தில் சேலையை விரித்து, பக்கத்தில் அப்பாவின் வெள்ளை வேட்டியை வைத்து எடுக்கிறேன். வேட்டி வெள்ளையாகத் தெரிந்தால் சேலையின் நிறமும் ஏறக்குறைய சரியாக வரும். ஃபில்டர் கிடையவே கிடையாது. பளபளப்பாகக் காட்டி விற்ற சேலை திரும்பி வந்தால் தபால் செலவு நம் தலையில்.

மதியம் ஒரு புது ஆள்: "ஏங்க, மதுரை விளக்குத்தூண் பக்கம் இதே சேலை பாதி விலைக்குக் கிடைக்குதே?"

நான் வாதாடவில்லை. சேலையைக் கண்ணருகே வைப்பதுபோல் ஒரு படம் எடுத்து அனுப்பினேன். கையால் முடிச்சுப் போட்ட இடத்தில் துணி சின்னதாகச் சுருங்கிக் குமிழ்போல நிற்கும். புள்ளிகளும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அச்சில் வந்தது தட்டையாக, அளவெடுத்தாற்போல் இருக்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சொன்னேன். அதைக் கண்டுகொள்ளவில்லை, படத்தைப் பார்த்துவிட்டு, "சரி, பச்சையில இருந்தா காட்டுங்க" என்றார்.

11 அக்டோபர், சனி

மூச்சு விட நேரமில்லை. வாட்ஸப் பிசினஸில் ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒட்டி வைக்கும் லேபிள் மட்டும் இல்லையென்றால் யார் பணம் கட்டினார், யார் "நாளைக்குப் போடுறேன்" என்றார் என்பதெல்லாம் குழம்பிவிடும். "முதல் தடவை உப்புத் தண்ணீரில் தனியாக அலசுங்கள், சாயம் கொஞ்சம் விடும்" என்ற வரியை, ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யாமல் அனுப்ப, குயிக் ரிப்ளையில் போட்டு வைத்திருக்கிறேன். சேலை விற்பவன் சாயம் போகும் என்று தானே சொல்லலாமா என்று சித்தப்பா முறைக்கிறார். முன்னாடியே சொல்லிவிட்டால் பின்னாடி சண்டை வராது சித்தப்பா.

17 அக்டோபர், வெள்ளி

வடகிழக்குப் பருவமழை நேற்றே தொடங்கிவிட்டதாம். காலையிலிருந்து மூட்டம், படம் எடுக்க வெளிச்சமில்லை. பார்சலுக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை இரட்டையாகப் போட்டாயிற்று. "வெளியூர் ஆர்டர் இனி தீபாவளிக்குப் பிறகுதான்" என்று ஸ்டேட்டஸ் போட்டேன். அதற்கும் மூன்று பேர் "மஞ்சள் இருக்கா?" என்கிறார்கள். இருக்கிறது, ஆனால் ஈரமாக. காய்ந்தால்தான் முடிச்சைப் பிரிக்கவே முடியும்.