ம்கூஸே முட்காட்டில்: 250 கிலோ குடு மானைத் தூக்கிக் கட்டும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து என்2 சாலையில் வடக்கே ஏறக்குறைய நான்கு மணி நேரம் போனால் ம்கூஸே என்ற ஊர். துகேலா ஆற்றைத் தாண்டி, கரும்பும் தைலமரத் தோப்பும் ஓய்ந்ததும் முட்காடு தொடங்கிவிடும். குளிர்கால வேட்டைப் பருவத்தில் டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த் பக்கத்துத் தமிழர்களும் இங்குள்ள பண்ணைகளுக்கு வருகிறார்கள். மாட்டிறைச்சி சேர்க்காத வீட்டுக்கு மான்கறி பொருந்தும். வழியெல்லாம் பேச்சு துப்பாக்கியைப் பற்றித்தான். மான் விழுந்தபின் அதை எப்படித் தூக்குவது என்பதை முன்கூட்டியே யோசிப்பவர்கள் குறைவு. கறி நல்லதாவதும் கெடுவதும் அந்தச் சில மணி நேரத்தில்தான்.

குளிர்காலம் என்றாலும் இங்கே நண்பகலில் 25 டிகிரி சாதாரணம். மானின் உடற்சூடு 38, 39 இருக்கும். இரைப்பைக்குள் இருக்கும் தழை புளித்துக்கொண்டே மேலும் சூடேற்றும். தரையில் கிடக்கும் பக்கத்துச் சூடு வெளியேற வழியில்லை. முதலில் கெடுவது பின்னந்தொடையில் எலும்பை ஒட்டிய சதை; வெளியே பார்த்தால் தெரியாது, வெட்டும்போதுதான் நாறும். தூக்கிக் கட்டுவதே சுற்றிலும் காற்றுப் பட்டுச் சூடு இறங்குவதற்காக.

நன்கு வளர்ந்த கிடா குடு 250 கிலோ வரும். வெட்டவெளியில் அதைப் பக்கி வண்டியில் (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி) ஏற்ற நான்கு பேர் முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டாம். பின்கதவைத் திறந்து பலகையைச் சாய்த்து, விஞ்ச் எனும் சுருட்டி இழுக்கும் கருவியின் கம்பியைக் கொம்படியில் கட்டி இழுத்தால் போதும். தலையைப் பாடம் செய்வதாக இருந்தால் கழுத்தில் கயிறு படவே கூடாது, முடி உதிர்ந்துவிடும்.

மரக்கிளையில் தூக்குவதில்தான் பலரும் கணக்குத் தவறுகிறார்கள். கிளையில் ஒரு கப்பியை மாட்டி, கயிற்றை வண்டியில் கட்டி இழுக்கும்போது கிளைக்கு 250 கிலோதான் என்று நினைப்பார்கள். மான் ஒரு பக்கம் இழுக்கிறது, வண்டி மறுபக்கம் அதே அளவு இழுக்கிறது. கயிறு இரண்டும் செங்குத்தாக இருந்தால் கிளைக்கு ஏறக்குறைய 500 கிலோ. வண்டிப்பக்கக் கயிறு கிடையாகப் போனால் 350. வண்டி குலுங்கினால் இன்னும் கூடும். பட்டுப்போன கிளை முன்னறிவிப்பில்லாமல் முறியும்.

நான்கு இழை கப்பிச் சோடி இருந்தால் வண்டியே வேண்டாம். கணக்குப்படி 63 கிலோ இழுத்தால் போதும். உராய்வு சேர்ந்து 80 ஆகும், இரண்டு பேர் இழுக்கலாம். ஒரு மீட்டர் உயர நான்கு மீட்டர் கயிறு இழுக்க வேண்டும் என்பதால் 20 மீட்டர் கயிறாவது கையிலிருக்கட்டும். கொட்டகையில் ஒரு டன் தாங்கும் செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) இருந்தால் அதுவே உத்தமம்: கைவிட்டாலும் பாரம் அப்படியே நிற்கும். எதில் தூக்கினாலும், "அண்ணே, அடியில நிக்காதீங்க" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

தொங்கவிட, இரு முனையிலும் கொக்கி மேல்நோக்கி வளைந்த இரும்புத் தண்டு வேண்டும். குடுவுக்கு 70 செ.மீ. அகலம் சரி. பின்னங்கால் கணு மூட்டுக்குச் சற்று மேலே, எலும்புக்கும் குதிநரம்புக்கும் நடுவில் தோல் மட்டுமே இருக்கும். அங்கே கத்தி முனையால் நீளவாக்கில் கீறிக் கொக்கியை நுழைக்க வேண்டும். குறுக்கே கீறினால் நரம்பு அறுந்து அந்தக் கால் தொங்காது. அப்போது மூட்டுக்கு மேல் சங்கிலி சுற்றுவதுதான் வழி. கால்கள் விரிந்து நின்றால்தான் இடுப்புக்குள் காற்றுப் போகும்.

தலைகீழாகத் தொங்கினால் இரத்தம் வடியும், உரித்த தோல் தன் எடையிலேயே கீழிறங்கும். ஆனால் குடல் கிழிந்தால் சாணமெல்லாம் நெஞ்சுக்கூட்டுக்குள் வழியும். அதனால் ஆசனவாயைச் சுற்றி அறுத்து நூலால் கட்டு, உணவுக்குழாயிலும் ஒரு முடிச்சு, அதன் பிறகே வயிற்றைத் திறக்க வேண்டும். உடல் ஆறும்போது உண்ணிகள் இறங்கிவரும். அவற்றின் கடியால் காய்ச்சல் வரும் நாடு இது, முழுக்கால் சட்டையும் பூட்ஸும் அவசியம். ஈலண்ட் என்ற பெரிய மானின் கிடா 700 கிலோவைத் தாண்டும். அதை முழுசாகத் தூக்கப் பார்க்காமல் நாலாகப் பிரிப்பதே புத்தி.

உரித்த உடலைப் பிளாஸ்டிக்கில் சுற்றினால் வேர்த்துக் கெடும். ஈ மொய்க்காமலிருக்க மெல்லிய பருத்தித் துணி போதும். உடனே கடுங்குளிரில் தள்ளுவதும் தவறு: முதல் பத்து மணி நேரத்துக்குள் சதை 10 டிகிரிக்குக் கீழே போனால் சுருங்கி இறுகி, எவ்வளவு வேகவைத்தாலும் மெல்ல முடியாது. இரவுக் காற்றில் ஆறவிட்டுக் காலையில் குளிரறைக்குக் கொண்டுபோகலாம். அங்கே ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரு கையளவு இடைவெளி விட்டுத் தொங்கவிட வேண்டும். தொடையின் நடுவே குத்திய வெப்பமானி 7 டிகிரிக்குக் கீழே காட்டிய பிறகே டர்பனுக்கு ஏற்ற வேண்டும், பண்ணைக்காரரின் எழுத்து அனுமதியோடு.