போலோவிலிருந்து மஸ்டாங்: காரைக்குடியில் ரியர் வீல் டிரைவ் பழகிய அனுபவம்

ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. வாங்கியிருக்கிறேன் என்றதும் காரைக்குடியில் எல்லோரும் கேட்டது மைலேஜையும் ஸ்பேர் பார்ட்ஸையும்தான். பின்சக்கரத்தில் ஓடுகிற வண்டியை எப்படிப் பழகினாய் என்று கேட்டவர்கள் குறைவு. எனக்கோ அதுதான் பெரிய வேலையாக இருந்தது. நம் பக்கத்தில் இப்படி ஒரு வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

அதற்கு முன் ஓட்டியது ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 1.2 லிட்டர் டர்போ, 105 பி.எஸ். (குதிரைத்திறன்). மஸ்டாங்கில் இருப்பது எட்டு சிலிண்டர் கொண்ட 5 லிட்டர் வி8. இந்தியாவில் விற்ற வண்டிக்கு 401 பி.எஸ்., 515 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). கிட்டத்தட்ட நான்கு மடங்கு சக்தி. அது முழுக்கப் பின்னால் உள்ள இரண்டு டயர்கள் வழியாகத்தான் ரோட்டுக்குப் போகிறது.

வாங்கியது பெங்களூரில், பழைய வண்டியாக. என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), படிவம் 28, 29, 30, தமிழ்நாட்டு ஆயுள் வரி என்று காகித வேலை எல்லா வெளிமாநில வண்டிக்கும் உள்ளதுதான். டயரைப் பற்றி மட்டும் நிறுத்திச் சொல்ல வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். இந்த வண்டியில் 4816. அதாவது 2016-ஆம் வருடம் 48-ஆவது வாரம் தயாரான டயர். டயரின் பட்டன் (ரோட்டில் படும் மேடு) தேயாமல் நன்றாகவே இருந்தது, அதிகம் ஓடாத வண்டி. ஆனால் நகத்தால் அழுத்திப் பார்த்தால் ரப்பர் கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. நான்கையும் மாற்றிவிட்டுத்தான் ஓட்டிப் பழகவே ஆரம்பித்தேன். இந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள். மழை ரோட்டில் இறுகிய ரப்பரும் இந்த டார்க்கும் சேரவே கூடாது.

என் வயதுக்காரர்களில் பலர் ஃப்ரண்ட் வீல் டிரைவ் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை. 1983-இல் மாருதி 800 வந்தபிறகு வீட்டுக் கார் என்றால் பெரும்பாலும் முன்சக்கரத்தில் ஓடுவதுதான். முந்தைய தலைமுறைக்கு அம்பாசிடர், ஃபியட் எல்லாமே பின்சக்கர வண்டி. அதனால் நான் முதலில் போய் நின்றது, எங்கள் தெருவில் பல வருடம் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டிய அண்ணனிடம்தான். மஸ்டாங்கைச் சுற்றி வந்து பின் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிரு. உள்ள போனப்புறம் பிரேக்கும் வேண்டாம், பயந்துபோய் ஆக்சிலேட்டர்ல இருந்து வெடுக்குனு காலைத் தூக்கவும் வேண்டாம். தூக்குனா பின்னாடி வீசிரும்.”

1.5 லிட்டர் டீசல் அம்பாசிடரில் 40 குதிரைத்திறன்கூட இருக்காது. அதை வைத்து அவர் கற்றது 401-க்கும் அப்படியே பொருந்துகிறது. காரணம் எடை நகர்வது. போலோ மாதிரி வண்டியில் இன்ஜின், கியர்பாக்ஸ், இழுக்கும் சக்கரம் எல்லாமே முன்னால். வளைவில் வேகம் கூடிவிட்டால் மூக்கு வெளியே தள்ளும். காலை எடுத்தால் எடை முன்னால் வந்து, முன் டயர் பிடித்து, வண்டி உள்ளே திரும்பிவிடும். பயந்தவுடன் காலைத் தூக்குவதுதான் அங்கே சரியான மருந்து, அதுவே பழக்கமாகவும் ஊறிவிடுகிறது. மஸ்டாங்கில் முன் டயருக்குத் திருப்புவது மட்டும்தான் வேலை, தள்ளுவது பின் டயர். வளைவுக்கு நடுவில் திடீரென்று காலைத் தூக்கினால் எடை முன்னால் ஓடி, பின்பக்கம் லேசாகி, வால் வெளியே போகப் பார்க்கும். அதிகமாக மிதித்தாலும் பின் டயர் சுழன்று வால் போகும். ஆக, வலது கால்தான் இந்த வண்டியின் இரண்டாவது ஸ்டியரிங். நான் புதிதாகப் பழக வேண்டியிருந்தது அந்தக் காலைத்தான்.

பழகிய இடம் மச்சானின் ரைஸ் மில். மில் ஓடி வருடங்கள் ஆகிவிட்டன, ஆனால் நெல் காயவைக்கும் சிமெண்ட் களம் அப்படியே இருக்கிறது. அகலமான, மேடு பள்ளமில்லாத, சுற்றிலும் மோதுவதற்கு எதுவும் இல்லாத இடம். மோட்டார் போட்டு ஹோஸ் வைத்துக் களத்தை நனைத்தோம். வழவழப்பான சிமெண்டில் தண்ணீர் நின்றால் மிகக் குறைந்த வேகத்திலேயே டயர் பிடி விடும். அதுதான் வசதி. ரோட்டில் 80-இல் நடப்பது அங்கே 20, 25-இல் நடக்கும், யாருக்கும் ஆபத்தில்லை.

முதலில், வண்டி நழுவினால் தானே அடக்கிப் பிடிக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் எல்லாம் இயங்க, ஒரே அளவு ஸ்டியரிங்கில் வட்டமடித்தேன். காலைக் கொஞ்சம் கூட்டினால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்கும், இன்ஜின் தானே அடங்கும். அந்த விளக்கு எந்த அளவு மிதித்தால் வருகிறது என்பதைக் கால் கற்றுக்கொள்ளும் வரை அதையே செய்தேன். அப்புறம் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை அணைத்துவிட்டுப் பழகினேன். பின்பக்கம் நழுவ ஆரம்பிப்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன் இடுப்புக்குத் தெரிகிறது. சீட்டுக்கு அடியில் யாரோ மெல்ல ஒரு பக்கமாக நகர்த்துவதுபோல இருக்கும். அந்தக் கணத்தில் செய்ய வேண்டியவை: வால் போகிற பக்கமே ஸ்டியரிங்கைக் கொடுப்பது, காலைப் படிப்படியாகக் குறைப்பது, கண்ணைப் போக வேண்டிய இடத்திலிருந்து எடுக்காமல் இருப்பது. வால் திரும்பி வரும்போது ஸ்டியரிங்கையும் உடனே நேராக்க வேண்டும். தாமதித்தால் மறுபக்கம் இன்னும் வேகமாக வீசும். கஷ்டமானது இந்தக் கடைசிப் பகுதிதான். முதல் வீச்சை எல்லோரும் பிடித்துவிடுவார்கள், இரண்டாவதில்தான் வண்டி சுற்றுகிறது. களத்தில் சுற்றினால் தண்ணீர் தெறிக்கும், அவ்வளவுதான். புளியமரம் நிற்கிற ரோட்டில் அப்படி இல்லை.

களத்தில் கை கால் ஒத்துவந்த பிறகு, கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போய், ஒரு பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். 2.1 கிலோமீட்டர் சுற்று. அங்கே மனதில் நின்றது ஒரே விஷயம்: ஸ்டியரிங் எவ்வளவு நேராகிறதோ அவ்வளவுதான் ஆக்சிலேட்டர். டயருக்கு மொத்தமாக ஒரு அளவு பிடிதான் உண்டு. திருப்பத்துக்கு அதில் பெரும்பங்கு போய்க்கொண்டிருக்கும்போது தள்ளுவதற்கும் கேட்டால் அது எங்கே போகும்? வெளியே வரும்போது ஸ்டியரிங்கை அவிழ்த்துக்கொண்டே காலைக் கூட்டினால் அதே வண்டி குந்தி உட்கார்ந்து, ரோட்டைக் கவ்விக்கொண்டு பாய்கிறது. வேகம் எடுக்கும்போது எடை பின்னால் போய்த் தள்ளும் டயரையே அழுத்துகிறது. சக்திவாய்ந்த வண்டிகளைப் பின்சக்கரத்தில் ஓட வைப்பது இதற்காகத்தான். போலோவில் முழுசாக மிதித்தால் ஸ்டியரிங் கையில் லேசாக இழுக்கும். இதில் கைக்கு வருவது ரோடு மட்டும்தான். அந்தச் சுகத்துக்காகவே இத்தனை பாடும் தகும்.

ஆட்டோமேட்டிக் வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வளைவில் கொஞ்சம் அழுத்தினாலும் கியர்பாக்ஸ் தானாகக் கீழ் கியருக்கு இறங்கிவிடலாம். கேட்காத டார்க் ஒரே தள்ளாகப் பின் டயருக்கு வரும். வளைவுகள் உள்ள ரோட்டில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் கியர் மாற்றும் பேடிலை இழுத்து கியரை நானே பிடித்து வைத்துக்கொள்கிறேன்.

நம் ஊர் ரோட்டுக்கென்று சில உண்டு. திருமயம், தேவகோட்டைப் பக்கம் போகிற நெடுஞ்சாலையில் பிரச்சினையில்லை. உள்ளே கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று திரும்பும்போது முக்குகளில் லாரி சிந்திய செம்மண்ணும் சரளையும் கிடக்கும். முன்சக்கர வண்டியில் அது ஒரு சின்ன வழுக்கலோடு போய்விடும். இங்கே முக்கைத் தாண்டி நேராகும் வரை காலை வைக்கவே கூடாது. தை, மாசி அறுவடையில் தார் ரோட்டிலேயே நெல்லைப் பரப்பிவிடுவார்கள். டயருக்கு அடியில் காய்ந்த நெல் பால்பேரிங் குண்டு மாதிரி உருளும். அது விவசாயியின் ஒரு வருட உழைப்பும்கூட. வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, ஒரே சீராகத் தாண்டுவேன். தைப்பூசத்துக்கு முன், குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நகரத்தார் காவடியும் பாதயாத்திரையும் கிளம்பும் நாட்களில் அந்த ரோட்டில் இந்த வண்டியைக் கொண்டுபோவதில்லை. இரவெல்லாம் ஜனங்கள் நடக்கிற பாதை அது.

கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது ரோட்டுக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி, 137 மில்லிமீட்டர். காரைக்குடி வேகத்தடைகளில் நேராக ஏறினால் அடி தட்டும், சாய்வாக ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். முதல் மழையில், மாதக்கணக்காகப் படிந்த எண்ணெயும் தூசியும் மேலே வந்து ரோடு வழுக்கும். அரைமணி நேரம் நல்ல மழை கழுவிய பிறகு பரவாயில்லை. வண்டியில் ஸ்னோ/வெட் என்று ஒரு மோடு இருக்கிறது. ஆக்சிலேட்டரின் துடிப்பைக் குறைத்துக் கொடுக்கும். தூறல் விழுந்ததும் அதைப் போட்டுவிடுகிறேன். ரோட்டில் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை நான் ஒருபோதும் அணைப்பதில்லை. களத்தில் எவ்வளவு பழகியிருந்தாலும் எதிரே வரும் டவுன் பஸ்ஸுக்கு அது தெரியாது.

போலோவை விற்கவில்லை, வீட்டில் அதுவும் ஓடுகிறது. ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் ஏறினால் முதல் சில கிலோமீட்டர் காலுக்குக் குழப்பம் வரும். அதனால் மஸ்டாங்கை எடுக்கும் காலைகளில், டயர் சூடாவதற்கு முன்பே காற்றழுத்தத்தை கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவோடு சரிபார்த்துவிட்டு, ஊர் எல்லை தாண்டும் வரை மெதுவாகவே போகிறேன். ஓடிச் சூடான பிறகு நம் வெயிலில் அழுத்தம் ஏறிக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். பின் டயர் முன்னதைவிட வேகமாகத் தேய்கிறது. அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த இரண்டையும் மாற்றியாக வேண்டும்.