59 வெற்றிகளுக்குப் பிறகு வேலை நீக்கம்

2018 மே 9ஆம் திகதி, வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயின் பயிற்றுநர்கள் சங்கம் அந்தப் பருவத்தின் சிறந்த பயிற்றுநராக டுவேன் கேசியைத் தேர்ந்தெடுத்தது. 11ஆம் திகதி, அவர் பயிற்றுவித்த ரொறன்ரோ ராப்டர்ஸ் அணி அவரை வேலையிலிருந்து நீக்கியது. ஜூன் 25 அன்று என்பிஏயின் சிறந்த பயிற்றுநர் விருதும் அவருக்கே கிடைத்தது. அதற்குள் அவர் டெட்ரோயிட் அணிக்குப் போய்விட்டார். ஒரே மனிதர், ஒரே பருவத்து வேலை. அதற்குள் இத்தனை தீர்ப்புகள்.

அப்போது நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் மாலை ஷிஃப்டில் லீட் ஹாண்டாக இருந்தேன். இரவுச் சாப்பாட்டு இடைவேளையும் ராப்டர்ஸ் ஆட்டமும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் வரும். பிலிப்பைன்ஸ்காரர்கள், ஜமேக்காக்காரர்கள், பஞ்சாபிகள், சோமாலியர்கள், எங்கள் ஆட்கள் என்று எல்லோரும் சாப்பாட்டறைத் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடிவிடுவோம். எங்களில் பலர் கிரிக்கெட்டோடு வளர்ந்து, இங்கே வந்த பிறகு கூடைப்பந்தைப் பிடித்துக்கொண்டவர்கள். பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு அது ஊரிலிருந்தே கூடவந்த விளையாட்டு. அதனால் அவர்கள் பேச்சுக்கு அறையில் தனி மதிப்பு இருந்தது.

கேசியை மாற்ற வேண்டுமா என்ற விவாதம் அந்த மே மாதம் தொடங்கியதல்ல. 2016இல் கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றில் கிளீவ்லாண்டிடம், முதலில் நான்கு ஆட்டங்களை வெல்பவர் முன்னேறும் தொடரில், 2-4 என்று தோற்றோம். 2017இல் அதே கிளீவ்லாண்டிடம் இரண்டாவது சுற்றில் 0-4. 2018இல் 82 ஆட்டங்களில் 59 வெற்றி, கிழக்கில் முதலிடம். இந்த முறை விடமாட்டோம் என்று நகரமே நம்பியது. மறுபடியும் கிளீவ்லாண்ட், மறுபடியும் 0-4.

தோற்ற விதம்தான் பொறுக்க முடியாதது. முதல் ஆட்டத்தில் கடைசி விநாடிகளில் கூடைக்கு அருகிலேயே நின்று எறிந்த பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போயின. மேலதிக நேரத்தில் ஒரே ஒரு புள்ளியால் தோல்வி. மூன்றாவது ஆட்டத்தின் நான்காம் கால்பகுதி முழுவதும் எங்கள் முன்னணி ஆட்டக்காரர் டெமார் டெரோசனை வெளியே உட்கார வைத்தார் கேசி. அப்படியிருந்தும் பின்தங்கியிருந்த அணி 103-103 என்று சமன் செய்தது. மீதமிருந்த சில விநாடிகளில் கிளீவ்லாண்டின் நட்சத்திரம் லெப்ரோன் ஜேம்ஸ் மைதானத்தின் நீளத்துக்கும் ஓடிவந்து ஒற்றைக் கையால் பலகையில் தட்டி உள்ளே போட்டுவிட்டார்.

மறுநாள் சாப்பாட்டறையில் யாரும் நிதானமாகச் சாப்பிடவில்லை. "லெப்ரோன் கையில் பந்து இருக்கும்போது இன்னொருவரை அனுப்பி மறிக்காமல் விட்டவர் என்ன கோச்?" என்றார் பாக்கிங்கில் நிற்கும் பிலிப்பைன்ஸ் நண்பர். வழக்கமான பருவத்தில் வெல்லத் தெரிந்தவருக்கு, ஒரே எதிரியை அடுத்தடுத்துச் சந்திக்கும்போது திட்டத்தை மாற்றத் தெரியவில்லை என்பது அவர் வாதம். ஜமேக்கா நண்பர் விடவில்லை. லெப்ரோனை யார்தான் தடுத்தார்கள் என்று கேட்டார். அது வலுவான கேள்வி. 2011 முதல் 2018 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து லெப்ரோன் இறுதிப் போட்டிக்குப் போயிருக்கிறார், நான்கு முறை மயாமியோடு, நான்கு முறை கிளீவ்லாண்டோடு. அந்த எட்டு ஆண்டும் கிழக்கில் இருந்த மற்ற எல்லாப் பயிற்றுநர்களும் தோற்றவர்கள்தான்.

நான் கேசியின் பக்கம் நின்றேன். 2011இல் அவர் வந்த முதல் பருவத்தில் 66 ஆட்டங்களில் 23 வெற்றிதான். உடைமாற்றும் அறையருகே ஒரு பெரிய பாறாங்கல்லைக் கொண்டுவந்து வைத்தார். கல்லை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒருநாள் பிளக்கும் என்பது அவர் அணிக்குச் சொன்ன செய்தி. இதைக் கேட்டதும் எங்கள் அண்ணை ஒருவர், "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்றார். உண்மையில் நகர்ந்தது. 2013-14இல் 48 வெற்றி, இரண்டு ஆண்டு கழித்து 56. பிளேஆஃபை, அதாவது வழக்கமான பருவம் முடிந்து கிண்ணத்துக்காக நடக்கும் சுற்றுகளை, மறந்திருந்த நகரம் ஒவ்வொரு வசந்தத்திலும் அதை எதிர்பார்க்கப் பழகியது. 2016இல் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் தெரிவில் 27ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட பஸ்கல் சியாக்கம், எந்த அணியும் எடுக்காத ஃபிரெட் வான்வ்லீட் போன்றவர்கள் மிசிசாகாவில் உள்ள, ராப்டர்ஸின் துணை அணியான ராப்டர்ஸ் 905இலும் விளையாடிப் பழகி, கேசியின் கீழ் என்பிஏ ஆட்டக்காரர்களாக வளர்ந்தார்கள்.

எங்கள் தொழிற்சாலையில் நடந்த ஒன்றும் என்னை அந்தப் பக்கம் தள்ளியது. எங்கள் சுப்பர்வைசர் வந்தபோது லைனில் ஒருவருக்கு ஒரு மெஷின்தான் தெரியும். ஒருவர் வராவிட்டால் அன்றைக்கு எண்ணிக்கை விழும். அவர் ஒவ்வொருவருக்கும் மூன்று நான்கு இடங்களில் வேலை பழக்கினார். பழக்குகிற காலத்தில் உற்பத்தி குறையும், பிழையான பாகங்கள் கூடும். அவர் அதற்குத் தயாராக இருந்தார், மேலிடம் இருக்கவில்லை. ஒரு பெரிய ஓர்டர் பிந்தியதும் அவரை அனுப்பிவிட்டார்கள். புதிதாக வந்தவர் கெட்டிக்காரர்தான், ஓர்டர்களை அடுக்குகிற முறையை மாற்றி நேரத்தை மிச்சப்படுத்தினார். சில மாதங்களில் எண்ணிக்கை ஏறியது. பாராட்டுக் கூட்டத்தில் பழையவரின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. எந்த மெஷினிலும் நிற்கத் தெரிந்த ஆட்கள் அவர் விட்டுப்போன சொத்து என்று நான் எழுந்து சொன்னேன். தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

சரி, ராப்டர்ஸ் கதைக்கு வருகிறேன். அப்போது அணி நிர்வாகத்தின் தலைவராக இருந்த மசாய் உஜிரி வெளியிலிருந்து பெரிய பெயர் எதையும் கூட்டிவரவில்லை. 2013 முதல் கேசிக்கு உதவியாக இருந்த நிக் நேர்ஸிடம் அணியைக் கொடுத்தார். பந்தைப் பலர் கைக்குச் சுற்றவிட்டு, மூன்று புள்ளி எறிகளைக் கூட்டும் தாக்குதல் முறையை 2017-18இல் வடிவமைத்ததில் நேர்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜூலையில் டெரோசனைக் கொடுத்து கவாய் லெனார்டையும் டானி கிரீனையும் வாங்கினார்கள். அதே மாதம் லெப்ரோனும் மேற்கே லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டார்.

2019இல் கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றில் மில்வாக்கியோடு முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்ற பிறகு, அவர்களின் நட்சத்திரம் யானிஸை மறிக்கும் வேலையை நேர்ஸ் கவாயிடம் கொடுத்தார். அடுத்த நான்கையும் வென்றோம். பிலிப்பைன்ஸ் நண்பர் என்னைப் பார்த்தார். அவர் இரண்டு ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்: தொடரின் நடுவில் திட்டத்தை மாற்றத் துணிகிற ஒருவர். ஜூன் 13 இரவு ஓக்லாண்டில், இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட்டை 114-110 என்று வென்று முதல் முறையாகக் கிண்ணம் எங்களுடையதானது.

அப்படியென்றால் மாற்றச் சொன்னவர்கள் சொன்னதுதான் சரியா? அந்த முடிவு சரி என்றுதான் இன்று நினைக்கிறேன். ஆனால் கேசி தகுதியில்லாதவர் என்று அதற்குக் காரணம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே பருவத்தில் பலம் குறைந்த டெட்ரோயிட்டைக் கொண்டுவந்து அவர் ராப்டர்ஸை மூன்று முறை தோற்கடித்தார். கிண்ணம் வென்ற இரவில் சியாக்கமும் வான்வ்லீடும் இல்லாமல் வெற்றி இல்லை. அவர்களுக்கு நிமிடங்களைக் கொடுத்து, தவறு செய்ய விட்டு, வளர்த்தவர் அவர். கட்டி எழுப்பும் வேலையும் கடைசிப் படியைத் தாண்டும் வேலையும் வேறு வேறு. இரண்டையும் ஒருவரே செய்வது அபூர்வம். நீக்கப்பட்ட பிறகு கேசி ரொறன்ரோ ரசிகர்களுக்குப் பத்திரிகையில் நன்றிக் கடிதம் எழுதினார், கசப்பில்லாமல். அதைப் படித்தபோது எங்கள் பழைய சுப்பர்வைசருக்காகவும் மனம் கனத்தது.

இப்போது நான் வேறு இடத்தில், ஆட்களை நியமிப்பது பற்றி என்னையும் கேட்கிற நிலையில் இருக்கிறேன். யாரையாவது மாற்றலாமா என்ற பேச்சு வந்தால், அந்த இடத்துக்கு யார், அவர் ஏற்கனவே இங்கே இருக்கிறாரா என்றுதான் முதலில் கேட்பேன். போகிறவர் பழக்கிவிட்டவற்றில் எதைக் காப்பாற்றப் போகிறோம் என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டுக்கும் பதில் இல்லாதபோது, மாற்றம் என்பது வெறும் கோபம்தான்.

2023 ஏப்ரலில் நேர்ஸின் முறை வந்தது. 41 வெற்றி, 41 தோல்வி. சொந்த மைதானத்தில் பிளேஆஃபுக்குள் நுழைவதற்காகச் சிகாகோவோடு நடந்த பிளே-இன் ஆட்டத்தில், மறிப்பின்றி எறியும் 36 ஃப்ரீ த்ரோவில் பாதியைத் தவறவிட்டுத் தோற்றோம். அப்புறம் அவரையும் அனுப்பினார்கள். இந்த முறை மாற்றம் வேண்டும் என்றவர்களில் நானும் ஒருவன். முதல் ஐந்து பேரை ஓட ஓட வைத்து இளையவர்களை வெளியே உட்கார வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த பருவத்தில் புதிய பயிற்றுநர் டார்கோ ராயகோவிச்சின் கீழ் 25 வெற்றிதான். நடுவிலேயே முக்கிய ஆட்டக்காரர்களான அனுனோபியும் சியாக்கமும் வேறு அணிகளுக்குப் போனார்கள். பழைய பிலிப்பைன்ஸ் நண்பர் அழைத்து, "இப்ப என்ன சொல்கிறாய்?" என்று கேட்டார். 2011இல் கேசிக்கு 23 வெற்றிதான், இந்த மனிதருக்கும் அதே அவகாசத்தைக் கொடுங்கள் என்றேன்.