பிய்ந்த தோசை

அம்மா கோபத்தை வாயால் சொல்லவே மாட்டார். பாத்திரம்தான் பேசும். தேய்த்த குண்டானை மேடையில் ணங்கென்று வைத்தால் அப்பாவுக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று தெரியும். என்ன தப்பு என்று மட்டும் கடைசிவரை தெரியாது.

நேற்று இரவு நானும் குக்கர் மூடியைக் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டேன் போல. ஹாலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்தாமலே, "அப்பா, அம்மா கோபமா இருக்காங்க" என்றாள். அந்த வயதில் நான் சொன்ன அதே வசனம்!

சரி, நல்லதும் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை அம்மா வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததே இல்லை. ஒன்றுமில்லாத நாளில் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார். நானும் அப்படித்தான். கூடவே, முழு தோசை மற்றவர்களுக்கு, பிய்ந்தது எனக்கு என்பதையும் யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டேன்.

இன்று காலை மகளைத் தோசை ஊற்றச் சொன்னேன். முதல் தோசை கல்லில் ஒட்டிப் பிய்ந்தது. சுரண்டி எடுத்து நேராக என் தட்டில் போட்டாள்.

"உனக்குத்தான் இது பிடிக்குமே!"