வாசலில் நிற்கும் ஒரு நிமிடம்: அக்டோபர் குறிப்புகள்

4 அக்டோபர் 2025, சனி

தீபாவளிக்கு இன்னும் 16 நாள். சிங்கப்பூரின் தேக்கா முழுக்க விளக்கு. ஓரறை, ஈரறை வாடகை வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மனம் கனக்கும் காலமும் இதுதான்.

அவர்களைப் பார்க்கப் பெயர் கொடுக்கும் புதுத் தொண்டூழியர்களில், அண்மையில் யாரையாவது பறிகொடுத்தவர்களும் இருப்பார்கள். "என் மனசே சரியில்ல, நான் போயி யாருக்கு என்ன செய்ய?" என்று தயங்குவார்கள். தயங்க வேண்டாம், வாருங்கள். துக்கத்தில் மனம் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். இன்னொருவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கும் பத்து நிமிடமாவது அது வேறு பக்கம் திரும்பும்.

ஆனால் முதல் மாதம் கைவேலை மட்டும் போதும்: அரிசி மூட்டை தூக்குவது, விளக்கு மாற்றுவது, பலதுறை மருந்தகத்துக்குத் துணை போவது. உட்கார்ந்து கதை கேட்பது பிறகு. நம் இழப்பு பச்சையாக இருக்கும்போது அடுத்தவர் இழப்பைக் கேட்டால், யாருக்காக அழுகிறோம் என்றே தெரியாமல் போய்விடும்.

7 அக்டோபர், செவ்வாய்

இரண்டு மாதத்தில் சோர்ந்து நின்றுவிடுபவர்களைப் பற்றி. இவர்கள் பெரும்பாலும் மிக நல்ல மனம் கொண்டவர்கள். பாட்டியின் வலியை அப்படியே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள், இரவில் தூக்கம் வருவதில்லை.

2007இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில், மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் புத்தத் துறவி மத்தியூ ரிக்கார் படுத்தார். துன்பப்படும் பிள்ளைகளை நினைத்து அவர்கள் வலியை மட்டும் உணர்ந்தபோது சீக்கிரமே துவண்டுபோனார். அவர்கள் நலம்பெற வேண்டும் என்ற அன்புக்கு மனத்தை மாற்றியதும் அந்தச் சோர்வு விலகியது. டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகிய ஆய்வாளர்கள் பிறகு சாதாரண மக்களுக்குப் பயிற்சி தந்து பார்த்தபோதும் இதே போக்குதான். அடுத்தவர் வலியை உணரும் பயிற்சி மனச்சுமையைக் கூட்டியது. கருணைப் பயிற்சி அதைத் தணித்து, இதமான உணர்வையும் வளர்த்தது.

ஆகவே கதவைத் தட்டுமுன் ஒரு நிமிடம். பாதங்கள் இரண்டும் தரையில் அழுந்தட்டும். ஐந்து மூச்சு, வெளிமூச்சு நீளமாக. "இவங்க நல்லா இருக்கணும்" என்று மனதுக்குள் சொல்லுங்கள். உள்ளே பேசும்போது நெஞ்சு இறுகினால், "இது இவங்க வலி, நான் உதவ வந்திருக்கேன்" என்று நினைத்து, அந்த அறையில் உங்களால் இப்போதே செய்யக்கூடிய ஒன்றைத் தேடுங்கள். மின்விசிறியில் படிந்த தூசியாக இருந்தாலும் சரி.

11 அக்டோபர், சனி

வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, 45 நிமிடம், இரண்டு பேர். இரும்புக் கதவின் வழியே முகம் தெரியும்படி நில்லுங்கள். உட்காரும்போது நேர் எதிரே வேண்டாம், சற்றுப் பக்கவாட்டில், அவர் கண்மட்டத்தில்.

"சாப்டீங்களா?" என்று கேட்டால் "ஆச்சு" என்று பேச்சு முடிந்துவிடும். "இன்னிக்கு என்ன சாப்டீங்க?" என்று கேளுங்கள். இரண்டு நாளாக ரொட்டிதான் என்பது அப்போதுதான் வெளியே வரும்.

வாழ விருப்பமில்லை என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமா என்று நேராகவே கேளுங்கள். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டாம். தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. உடனடி ஆபத்து என்றால் அவசர மருத்துவ வண்டிக்கு 995.

16 அக்டோபர், வியாழன்

நாம் மட்டும் கொடுத்துக்கொண்டே இருப்பது பெரிய தவறு. கொடுப்பதால் நம் மனம் லேசாகிறது என்றால், அந்த மருந்து அவருக்கும் வேண்டாமா? 2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தீரா வலி உள்ளவர்கள் பயிற்சி பெற்று, அதேபோல் வலியில் இருந்த மற்றவர்களுக்குத் துணை நின்றார்கள். துணை நின்றவர்களின் வலியும் மனச்சோர்வும் குறைந்தன.

பாட்டி கோப்பி கலக்கித் தந்தால் "வேணாம், சிரமப்படாதீங்க" என்று தடுக்காதீர்கள், குடியுங்கள். இந்த வாரம் முறுக்கு மாவை அவர் வீட்டிலேயே பிசையலாம். நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்த உளுந்து மாவு. தண்ணீரை நீங்கள் ஊற்றுங்கள், பதம் அவர் பார்க்கட்டும். "தண்ணி கூடிப்போச்சு, எண்ணெய குடிச்சிரும், இன்னும் கொஞ்சம் மாவு போடு" என்று அதட்டும்போது அவர் குரலைக் கவனியுங்கள். முட்டி வலி போய்விடாது, ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவர் நோயாளி இல்லை, சமையலில் பெரியவர். அடுப்பருகே நெடுநேரம் நிற்க விடாதீர்கள், நாற்காலி போட்டுக் கொடுங்கள். சுட்டதில் ஒரு பொட்டலம் பக்கத்து வீட்டுக்கு அவர் கையாலேயே போகட்டும்.

21 அக்டோபர், செவ்வாய்

நேற்றோடு தீபாவளி முடிந்தது. எல்லாரும் வந்து போன வீடு இன்று நேற்றைவிட அமைதியாக இருக்கும், மேசையில் இனிப்புப் பெட்டிகள் மட்டும் அடுக்கியிருக்கும். சர்க்கரை நோயாளி வீட்டில் அவற்றைக் கேட்டுவிட்டுப் பகிர்ந்து எடுத்துச் செல்லுங்கள். பண்டிகை வேகத்தில் "தினமும் வர்றேன்" என்று சொல்லியிருந்தால் இன்றே திருத்திவிடுங்கள்: "சனிக்கிழமை பத்து மணிக்கு வருவேன்." நாள்காட்டியில் அவரையே வட்டமிடச் சொல்லுங்கள். வர முடியாத வாரம் முந்திய நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் காலையிலிருந்தே கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பார்.